கொன்ட்ரோல், ஓல்ட், பி

ஜூன் 9, திங்கள்

காலையில் என் வாய் செத்துவிட்டது. சொந்த வாயைச் சொல்லவில்லை. அது இரண்டு வருடத்துக்கு முன், புற்றுநோய்க்காகக் குரல்பெட்டியை வெட்டி எடுத்தபோதே போயிற்று. இந்தச் சின்ன மடிக்கணினியைச் சொல்கிறேன். தமிழில் அடித்து, அடித்ததைத் தெரிவு செய்து, கொன்ட்ரோல், ஓல்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது வாசித்துச் சொல்லும். மட்டக்களப்பு டவுனில் இருக்கும் என் சிநேகிதன் டெக்ஸ்டர்தான் லினக்ஸ் போட்டு அப்படி அமைத்துத் தந்தான். இன்று அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. நேற்றுவரை வேலை செய்ததே!

ஞாயிற்றுக்கிழமை கரடியனாற்றிலிருந்து மாப்பிள்ளை ரதீஸின் வீட்டார் என் மகள் விதுர்ஷாவுக்குச் சம்பந்தம் பேச வருகிறார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

ஸ்பீக்கரில் பிழை இல்லை, பாட்டுப் பாடுகிறது. எஃப் விசைகள் வேலை செய்கின்றன. எழுத்து சேர்ந்த குறுக்குவிசைகள்தான் எல்லாம் படுத்துவிட்டன. பிரதி எடுக்கவும் முடியவில்லை. மூன்று தரம் அணைத்துப் போட்டேன். அது மூன்று தரமும் என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

டெக்ஸ்டருக்குச் செய்தி அனுப்பினேன். ‘என்னத்த மாத்தின?’ என்று கேட்டான். ஒன்றும் மாற்றவில்லை என்று பதில் போட்டேன். உண்மைதானே? ஞாயிறு இரவு விசைப்பலகை மொழிகளில் தமிழை ஆங்கிலத்துக்கு மேலே தூக்கி வைத்தேன். அது ஒரு மாற்றமா? திறக்கும்போதெல்லாம் ஆங்கிலத்தில் எழும்புகிறது. தேத்தண்ணி கேட்க அடித்தால் கண்ட கண்ட ஆங்கில எழுத்தெல்லாம் வருகிறது. என் வாயில் தமிழ்தான் முதல்.

ஜூன் 12, வியாழன்

மச்சான் உதயரூபன் வந்தான். மனைவியின் தம்பி, விதுர்ஷாவுக்குத் தாய்மாமன். அவன் குரலுக்கு ஒரு குறையும் இல்லை.

“அத்தான், நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. ஞாயிறு நான் கதைக்கிறன். கலியாணத்த ஆவணியில வெச்சிருவம். அவங்களுக்கும் அதான் விருப்பம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆவணியா? விதுர்ஷாவின் தாதியர் பயிற்சி முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் கிடக்கிறது. மெசினில் ‘முடியாது’ என்று அடித்து அழுத்தினேன். திரையை எட்டிப் பார்த்தவன், “ஓம் ஓம், பிறகு பாப்பம்” என்றுவிட்டுப் போனான். எழுதியதற்கு அவ்வளவுதான் மரியாதை. சத்தமாகச் சொன்னால்தான் சொல்.

இந்தப் பெரியகல்லாற்றில் யார் செத்தாலும் ஓட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போய் ஊருக்கு அறிவித்தவன் நான். என் பிள்ளையின் காரியத்தை அறிவிக்க இன்னொருத்தனா?

ஜூன் 13, வெள்ளி

டெக்ஸ்டர் சொன்னபடி குறுக்குவிசையை அழித்துத் திரும்பப் பதிந்தேன். அசையவில்லை.

ஜூன் 14, சனி

விதுர்ஷா விடுதியிலிருந்து வந்தாள். வந்ததும் வராததுமாக என் பக்கத்தில் குந்தினாள்.

“ரதீஸ எனக்குப் பிடிச்சிருக்கு அப்பா. ஆனா இப்ப வேணா. கலியாணம் முடிஞ்சா மறுகா என்ன படிக்க விடமாட்டாங்க. மாமாவக் கதைக்க விடாதீங்க. நீங்க சொல்லுங்க.”

ஓம் என்று தலையாட்டினேன். மெசின் வேலை செய்யவில்லை என்று அவளிடம் சொல்லவில்லை. அவளாகவே, புதிதாகக் கண்டதென்று, தன்னுடைய கைபேசியில் எழுதியதை வாசிக்கும் செயலி ஒன்றைக் காட்டினாள். பெண்குரல். மாமனாராகப் போகிறவன் பெண்குரலில் கதைப்பதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விசரன் நான். நாளைக்கு என்ன செய்யப்போகிறேன்?

ஜூன் 15, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வந்தார்கள், இருந்தார்கள். பலகாரம் வைத்தாயிற்று. உதயரூபன் தொண்டையைச் செருமினான். “அத்தானுக்குக் கதைக்க ஏலாதுதானே, நான் சொல்றன். ஆவணியில...”

நான் முன்பே அடித்து வைத்திருந்தேன். அழுத்தினேன். இல்லை. திரும்பவும், திரும்பவும் — சனியனே, ஒரே ஒருக்காக் கதை! ரதீஸின் தாய் என்னைப் பார்த்துப் பாவப்பட்டுச் சிரித்தா. உதயரூபன் நாள் நட்சத்திரத்துக்கே போய்விட்டான். கதவோரத்தில் விதுர்ஷாவின் முகம். நான் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். மெசினைத் தூக்கி ரதீஸின் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவன் மனதுக்குள் வாசித்துவிட்டு மூடியிருக்கலாம். தாயைப் பார்த்தான். பிறகு சத்தமாக வாசித்தான்:

“என் மகள் பயிற்சியை முடிக்கும்வரை கலியாணம் இல்லை. சம்மதம் என்றால் இருங்கள். இல்லையென்றால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போங்கள்.”

‘என் மகள்’ என்று அவன் வாயால் வந்தபோது குசினிக்குள் யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கடைசி வரியையும் விடாமல் வாசித்தான்.

“நீ என்ன மனே சொல்ற?” என்று தாய் கேட்டா.

“அவர் சொன்னதுதான் அம்மா என்ட சொல்லும்.”

தேத்தண்ணி குடித்தார்கள். போகவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

டெக்ஸ்டர் பொறுக்கமாட்டாமல் பஸ் ஏறி வந்துவிட்டான். விசைப்பலகை அமைப்பைத் திறந்தான்.

“தமிழ மேல ஏத்தினது ஆரு?”

நான் வெளியே வாவிப் பக்கம் பார்த்தேன்.

மேலே இருக்கும் மொழியில்தான் இந்த மெசின் குறுக்குவிசைகளைத் தேடுமாம். தமிழை முதலில் வைத்தால் ‘பி’ என்று ஒரு விசையே அதற்கு இல்லையாம். ஆங்கிலத்தை மேலே வைத்து, தமிழைக் கீழே இறக்கினான். அழுத்தினேன். “டெக்ஸ்டர் ஒரு கழுதை” என்று கணீரென்று சொன்னது. அதைத்தான் அடித்து வைத்திருந்தேன்.

“கழுத நானா?” என்று கேட்டுவிட்டுச் சோறு தின்று போனான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ரதீஸ் வந்தான். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வந்துவிடுகிறான். விதுர்ஷாவுக்கு வார்டில் வேலை என்று தெரிந்தும் வருகிறான்.

கரடியனாற்றில் மழை எப்படி என்று அடித்தேன். அவன் கதிரையை இழுத்துப்போட்டு, என் தோளுக்கு மேலால் குனிந்து, “கரடியனாற்றில் மழை எப்படி?” என்று சத்தமாக வாசித்தான். பிறகு தானே பதிலும் சொன்னான்.

மெசின் சரியாகிவிட்டது என்று நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.