பச்சையம்மாள் அத்தையின் பாகம்

ஜூன் 18

இன்று முழுக்க எங்கள் தெருவில்தான் பதிவு. அம்மாவின் நடவு செட்டில் பதினாலு பேர். போன் இருப்பது ஐந்து பேரிடம். எல்லாரையும் அம்மா நம்பரிலேயே போட்டேன். சென்னையிலிருந்து அருள்மொழி கத்தினான்: "ஒரு நம்பருக்கு ஒரு ஆள்தான் சந்தியா. செட்டுன்னு ஒண்ணு நம்ம செயலியிலயே கிடையாது." கம்பெனி எங்கள் இருவரையும் ஒரே நாளில்தான் வெளியே அனுப்பியது. நிலத்துக்காரர்கள் ஆள் பிடிக்க நாங்களே செய்த இந்த 'வயல்வேலை' செயலி ஒன்றுதான் எங்களுக்கு மிச்சம். அதனால் அடங்கிப் போனேன். மகன் நம்பர், மருமகன் நம்பர் என்று தேடிப் பிடித்துப் பதினாலு பேரையும் தனித்தனியாகப் போட்டு முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

"நான் ஒருத்தி சரின்னா பதினாலு பேரும் வருவோம். இப்ப இன்னாத்துக்குத் தனித்தனியா?" என்றாள் அம்மா.

"உன்னையே நம்பிக்கினு இருக்க வேணாம் பாரு. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாத்துக்கலாம்."

பெருமையாகத்தான் சொன்னேன்.

ஜூன் 30

வெள்ளிமலைக்குப் போனேன். சிக்னலுக்காக எல்லாரும் மலைப்பாதை வளைவு வரை நடந்து வந்தார்கள். நாற்பத்தொரு பேர் பதிவு. இறங்கும்போது பஸ்ஸில் வாந்தி. ஆனாலும் சந்தோஷம்.

ஜூலை 4

தீனதயாளன் வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டு ஏக்கர்காரர். அவர் சேர்ந்தால் ஊரே சேரும்.

"பேரு மட்டும் இருந்தா இன்னாம்மா பண்றது? வயசு போடு. கத்திரிக்காய கூட பாத்துப் பொறுக்கித்தான வாங்கறோம்."

சிரித்தேன். ஏன் சிரித்தேன்? அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து வயதுக்கு ஒரு கட்டம் வைத்தேன். யாரும் கூட்டிக் குறைக்கக் கூடாதென்று ஆதாரில் இருப்பதை அப்படியே எடுத்துப் பூட்டினேன்.

பட்டியலில் அம்மா: தைலம்மாள், 57. பச்சையம்மாள் அத்தை: 64. அத்தைக்கு முட்டி வலி, குனிந்தால் நிமிர நேரமாகும். அதனால் அம்மா எப்போதும் அவளை வரிசையின் நடுவில்தான் நிறுத்துவாள். நடவில் ஒவ்வொருத்திக்கும் ஒரு பாகம். நட்டுக்கொண்டே பின்னால் நகர வேண்டும். அத்தை தங்கிவிட்டால் இரண்டு பக்கத்து ஆட்களும் அவள் பாகத்தில் கைவைத்து நட்டுவிடுவார்கள். வரிசை ஒன்றாகவே நகரும். பதினாலு பேருக்கும் ஒரே கூலி. எந்த நிலத்துக்காரரும் இதைக் கேட்டதில்லை. ஏக்கர் முடிந்தால் சரி.

பதினொன்றாம் வகுப்பு லீவில் நானும் ஒரு வாரம் போனேன். நாற்று முடியைப் பிரிக்கவே எனக்குத் தெரியாது. என் பாகத்தை நட்டது இதே பச்சையம்மாள் அத்தை. முழுக்கூலி வாங்கி ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கினேன்.

இதெல்லாம் தெரிந்துதான் கட்டம் வைத்தேன். எழுதி வைக்கிறேன், பிறகு தெரியாது என்று சொல்லிவிடக் கூடாது.

ஆகஸ்ட் 11

வேலை முடிந்ததும் நிலத்துக்காரர் ஆளுக்கு ஐந்து நட்சத்திரம் வரை போடலாம். சராசரி இரண்டரைக்குக் கீழே போனால் பட்டியலில் பெயர் தெரியாது. விதி என்னுடையது. "சூப்பர்" என்றான் அருள்மொழி.

செப்டம்பர் 5

ஐந்தரைக்குத் தீனதயாளனின் வண்டி வந்தது. செட்டே போகிறது என்று பதினாலு பேரும் தூக்குவாளியோடு நின்றார்கள். டிரைவர் போனைப் பார்த்து ஒன்பது பேரை மட்டும் கூப்பிட்டான். ஐம்பதுக்கு மேல் ஒருத்தியும் இல்லை.

அம்மா முதலில் புரியாமல் வண்டியில் ஏறக் காலை வைத்தாள். "உன் பேரு இல்லம்மா" என்றான் அவன். நான் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

செப்டம்பர் 6

அருள்மொழியிடம் வயதை எடுக்கச் சொன்னேன். "எடுத்தா பத்து பண்ணைக்காரன் ஓடிடுவான். நீ உங்கம்மாவுக்காக பேசற." ஆமாடா, எங்கம்மாவுக்காகத்தான் பேசறேன், வேற யாருக்காகப் பேசச் சொல்ற என்று கத்திவிட்டு வைத்தேன். ஆனால் நானும் எடுக்கவில்லை. எடுக்க என் கையிலும் வழி இருந்தது.

செப்டம்பர் 23

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரி விழா. கேடயம், பொன்னாடை. இடைத்தரகரே இல்லாத வேலைவாய்ப்பு என்று மேடையில் புகழ்ந்தார்கள். கை தட்டினார்கள்.

அந்த இடைத்தரகர் எங்கள் அம்மா. அவள் அடித்த கமிஷன், நிலத்துக்காரர் வீட்டில் கூடுதலாக ஒரு டம்ளர் டீ.

கேடயத்தை டிவி மேல் வைத்தேன். அம்மா அதைத் துடைத்து வைக்கிறாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அக்டோபர் 4

அம்மா ஒரு மாதமாகச் சும்மா இருக்கிறாள். இன்று வெங்காயம் உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"என் வயச நாப்பத்தஞ்சுனு போட முடியுமா?"

எங்கம்மா. ஒருவரிடமும் ஒரு பொய் பேசாதவள்.

"பச்சையம்மா அத்தைக்கு?" என்றேன்.

"அவளுக்கு எவ்ளோ கொறச்சாலும் நம்ப மாட்டாங்க. எனக்கு மட்டும் போடு."

நான் போட்ட பூட்டை நானே உடைத்தேன். தைலம்மாள், 45. முன்னனுபவம் நன்றாகத் தெரியட்டும் என்று நானே ஒரு பொய்ப் பண்ணைக்காரர் பெயரில் ஐந்து நட்சத்திரமும் போட்டேன்.

அக்டோபர் 7

அம்மாவுக்கு வேலை வந்தது. தீனதயாளன் வயலேதான். நாலரைக்கே எழுந்து குளித்தாள்.

அக்டோபர் 7, சாயங்காலம்

அம்மா வந்ததும் கால் அலம்பி, படுத்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நடந்ததைச் செட்டில் இளையவளான கமலா வந்து சொன்னாள். கமலாவுக்கு நடவு சொல்லிக்கொடுத்ததே அம்மாதான்.

பத்து மணிக்கே அம்மா தங்கிவிட்டாளாம். ஒரு மாதம் குனியாத இடுப்பு. யாரும் அவள் பாகத்தில் கைவைக்கவில்லை. எல்லாரும் நட்டுக்கொண்டே பின்னால் போய்விட, சுற்றிலும் நட்ட பயிர், நடுவில் அம்மா மட்டும் நின்றாளாம். வரப்பில் தீனதயாளன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

"நீ பக்கத்துலதான இருந்த?" என்றேன்.

"இருந்தேன்க்கா. எனக்கு ஸ்டார் கொறைஞ்சிடுமே. போன வாரம் ஒண்ணு கொறைஞ்சதுக்கே நாலு நாளு வேல வரல." அழுதாள். அவளைத் திட்ட வாயெடுத்தேன். எதைச் சொல்லித் திட்டுவது?

ராத்திரி செயலியில் பார்த்தேன். ஒற்றை நட்சத்திரம். 'மெதுவு. வயசு பொய்.' என் ஐந்தையும் சேர்த்தால் சராசரி மூன்று, பட்டியலில் நின்றிருப்பாள். இவளைக் காட்டிக்கொடுத்த பொய்க்கு நான் இன்னொரு பொய்யால் முட்டுக்கொடுப்பதா? என் ஐந்தை அழித்தேன். அம்மா பெயர் மறைந்தது.

அக்டோபர் 8

ஐந்தை அழித்ததை அம்மாவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 3

அம்மாவும் பச்சையம்மாள் அத்தையும் பத்து நாளாக உளுந்தூர்பேட்டையில் ஒரு ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறார்கள். அஞ்சே கால் பஸ். முதல் நாள் போவதற்கு முன் அம்மா தன் போனை என் மேஜையில் வைத்தாள். "இது உன்கிட்டயே இருக்கட்டும். அங்க யாரும் வயசு கேக்கல."

அத்தைக்கு முட்டி பிடித்துக்கொண்டால் அவள் பங்கையும் அம்மாவே தேய்த்துவிடுகிறாளாம். ஓட்டல்காரர் இரண்டு ஆள் என்றுதான் எண்ணுகிறாராம்.

செயலியின் முகப்பில் இன்று: பதிவு செய்த தொழிலாளர்கள் 1,140. மறைந்துபோனவர்களையும் சேர்த்துத்தான் அது எண்ணும். அப்படி எழுதியதும் நான்தான்.

ஏழரைக்கு எழுந்தேன். வீட்டில் யாரும் இல்லை. அம்மா எனக்குச் சோறு வடித்து மூடி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.