கைப்பிடியில் சுற்றிய துணி

நேற்று உன் அம்மா நீ ஊன்றி நடந்த கக்கத்துக் கட்டைகள் இரண்டையும் என்னிடம் கொடுத்தார். "நீதானப்பா வார்னிஷ் அடிச்சே. நீயே வச்சிக்க. வூட்ல பாக்க முடியல."

கைப்பிடிகளில் நீ சுற்றிய வேட்டித் துணி அப்படியே இருந்தது. உன் வியர்வை வாடையோடு.

அந்த மழைக்காலத்தில் உனக்கு ஒரே ஆசை. யார் தோளையும் பிடிக்காமல் ஏரிக்கரையோடு நடந்து, பாகூரில் பஸ் ஏறிக் கடலூர் போய்வர வேண்டும். பழைய கட்டைகள் சேற்றுத் தண்ணீரைக் குடித்து அடி பிளந்திருந்தன. புதியவற்றுக்குப் படகு வார்னிஷ்தான் என்றாய். நாற்காலிக்கு அடிப்பது வெயிலில் வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும். படகுக்கு அடிப்பது மரத்தோடு வளைந்துகொடுக்கும்.

வார்னிஷ் வாங்கப் போனபோது துறைமுகத்துக் கடைக்காரர் கேட்டார்: "படகு எங்கப்பா?"

"நான்தாங்க படகு. கொஞ்சம் ஒழுவுது" என்றாய்.

முதல் பூச்சு டர்பன்டைன் கலந்து, நீர்க்க. காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பு. பிறகு அடுத்த பூச்சு. "அடிய நல்லா ஊறவுடுடா, அதான் தண்ணி குடிக்கிற வாயி." கைப்பிடியைப் பற்றி நாம் பேசவே இல்லை. நீ சாப்பிடப் போயிருந்தாய். எனக்குப் பளபளப்பு போதவில்லை. கைப்பிடிகளுக்கும் அடித்தேன்.

"இன்னாடா, கல்யாண மாப்பிள்ள மாதிரி மினுக்குது!" என்றாய்.

நீ கிளம்பிய அன்று தூறல். துணைக்கு வரக் கூடாது என்றிருந்தாய். தள்ளிப் பின்னால் வந்தேன். பஸ் படியருகே உன் ஈரக் கை கட்டையின் கைப்பிடியில் வழுக்கியது. சேற்றில் கிடந்தாய்.

"கூட யாரும் வரலியா?" என்றார் கண்டக்டர். ஓடி வந்தேன். பஸ் போய்விட்டது.

"மழடா. பாழாப்போன மழ" என்று சிரித்தாய்.

சில நாளில் துணி சுற்றியிருந்தாய். "கை காச்சிப்போச்சு, அதான்." நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. அதன் பிறகு பஸ் ஏறும்போதெல்லாம் உன் தம்பி கூட வந்தான். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோதும்.

நேற்று துணியை அவிழ்த்தேன்.

துணிக்கு அடியில் வார்னிஷ் இல்லை. கண்ணாடிச் சில்லால் சுரண்டியிருக்கிறாய். குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள். வெறும் மரம். மற்ற இடமெல்லாம் என் பளபளப்பு அப்படியே இருக்கிறது.

கை காய்த்ததற்காக அல்ல. நான் பார்த்துவிடக் கூடாது என்று சுற்றிய துணி.

திரும்பச் சுற்றிப் பார்த்தேன். உன்னைப் போல இறுக்கமாக வரவில்லை. விட்டுவிட்டேன். கீறல் தெரியும்படியே கட்டைகள் என் அறை மூலையில் நிற்கின்றன.

வெளியே மழை. அதைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.