பதினேழாம் படிவம்

கோயமுத்தூர்,
வியாழக்கிழமை, மதியம் இரண்டரை மணி.

அன்பு மகள் வர்ஷினிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லாரும் சௌக்கியம் என்று முதல் வரி எழுதித்தான் எனக்குப் பழக்கம். இன்றைக்கு அந்த வரியை விட்டுவிட்டுத் தொடங்குகிறேன். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று நேற்றுப் போனில் சொன்னேனே, அது பாதிதான். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. போனில் நீ ஒரு கேள்வி கேட்டால் நான் மூன்று பொய் சொல்வேன். எழுத்தில் பொய் சொல்கிற அளவுக்கு எட்டாம் வகுப்பில் எனக்குச் சொல்லித் தரவில்லை. எழுதி முடித்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். தலைகீழாக வந்தால் போனைத் திருப்பி வைத்துப் படி.

விசயம் இதுதான். ஆறு வருசத்துக்கு முன்னால் அம்மா நெஞ்சில் வைத்த வால்வு இப்போது சரியாகத் திறந்து மூடவில்லை. டாக்டர் வெங்கடபதி காலையில் என்னை உட்கார வைத்து, படம் போட்டுக் காட்டினார். ரத்தம் உறைந்து அடைத்திருந்தால் சொட்டு மருந்து ஏற்றிக் கரைத்துப் பார்க்கலாமாம். சதை வளர்ந்து அடைத்திருந்தால் மருந்துக்குக் கரையாதாம், மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டுமாம், இரண்டாம் தடவை என்பதால் ஆபத்து கூடுதலாம். ரத்தம் உறையாமலிருக்கிற மாத்திரையை ஒரு வேளைகூடத் தப்பாமல் சாப்பிட்டேன் என்று அம்மா அடித்துச் சொல்கிறாள். அப்படிச் சாப்பிட்டிருந்தால் ரத்தம் உறைய வழியில்லை, ஆகவே சதைதான், ஆகவே ஆபரேசன்தான் என்கிறார் அவர். சம்மதக் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் என் சட்டைப் பையில் இருக்கிறது. ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும்.

கண்ணு, அம்மா அந்த மாத்திரையைச் சாப்பிடவில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும்.

எப்படித் தெரியும் என்றால், உன் ஆராய்ச்சியால்தான். ஆஸ்பத்திரி மருந்து சாப்பிடுகிறவர்கள் கூடவே ஹோமியோபதி, சித்தா, நாட்டு மருந்து எதெல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள், அதை டாக்டரிடம் சொல்கிறார்களா என்று கேட்கிற படிவம் முப்பது அனுப்பினாயே. கேள்வியெல்லாம் நம்ம சனத்துக்குப் புரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கப்பா, பேர் மட்டும் எழுதிவிடாதீர்கள், நம்பர் போதும் என்றாய். தேய்த்த சட்டை போட்டு, பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டு கிளம்பினேன். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனை வரிசையில் என்னைப் பார்த்த காவலாளி, இன்சூரன்ஸ் பிடிக்கிறவங்க எல்லாம் வெளியே நில்லுங்க என்றான். ஆராய்ச்சி என்று சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவனே ஒரு படிவம் வாங்கி எழுதிக் கொடுத்தான்.

முதல் படிவம் உன் அம்மாதான். சமையல்கட்டில் நின்றபடியே பதில் சொன்னாள். வேறு மருந்து உண்டா, இல்லை. வேறு வைத்தியர் உண்டா, இல்லை. அடுப்பில் குழம்பு கொதிக்குதுங்க, சீக்கிரம் கேட்டு முடிங்க என்றாள். நானும் எல்லாவற்றுக்கும் 'இல்லை' கட்டத்தில் கோடு போட்டேன். முப்பத்தொரு வருசம் கூடக் குடித்தனம் நடத்துகிறவன், ஒரு தடவை அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

வெளியில் சனங்கள் என்னிடம் கொட்டித் தீர்த்தார்கள். பீர் முகம்மது என்று ரிட்டையர் ஆன கண்டக்டர், சர்க்கரைக்கு ஏதோ கொட்டைப் பொடி தின்கிறார். டாக்டரிடம் சொன்னீர்களா என்றால், அவரு எங்கே என்னையக் கேட்டாரு, கம்ப்யூட்டரையல்லவா கேட்டாரு என்கிறார். எனக்குச் சிரிப்பு. அடுத்தவன் வீட்டுச் சங்கதி என்றால் எல்லாமே சிரிப்பாகத்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நம் களத்தில் கொப்பரை உடைக்கிற ராசம்மாளிடம் பதினேழாம் படிவத்தை எடுத்தேன். அவள் பாட்டுக்குத் தேங்காய்த் தொட்டியைத் தட்டிக்கொண்டே சொன்னாள். ஏனுங்க, இதென்னங்க தெரியாத மாதிரி கேக்கறீங்க, அம்மணியும் நானுந்தானுங்களே புதங்கெழம புதங்கெழம காங்கயத்துக்கு முட்டிவலிக்கு ஓமியோபதி பாக்கப் போறம், எனக்கு இனிப்பு மாத்தரைங்க, அம்மணிக்கும் அதேதானுங்க, நெஞ்சு மாத்தரையக்கூட அம்மணி நிறுத்திப்போட்டாங்களே என்றாள். பேர் எழுதக்கூடாது என்று சொன்னாய். எழுதவில்லை. ஆனால் காதில் விழுந்துவிட்டதே.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அம்மா மறுக்கவில்லை. பட்டுச்சேலைக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து வைத்தாள். மாதா மாதம் நான் வாங்கிக் கொடுத்த மாத்திரை, அட்டை அட்டையாக. காசு போட்டு வாங்கினதை வீசிப்போட மனசு வரலீங்க என்றாள். ஏன் நிறுத்தினாய் என்றதற்கு, ரெண்டும் உள்ள போனா ஒண்ணுக்கொண்ணு சண்டை போடுமுங்களே என்றாள். அதற்காக ஒரு ஏற்பாடும் வைத்திருந்தாள். மாத ரத்தப் பரிசோதனைக்கு ஐந்து நாளைக்கு முன்னால் மட்டும் அந்த மாத்திரையை எடுத்துக்கொள்வது. நீ பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும் புத்தகத்தைத் தொடுவாயே, அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. பரிசோதனையில் நம்பர் கொஞ்சம் குறைவாக வரும், டாக்டர் அரை மாத்திரை கூட்டுவார், அம்மா ஆகட்டுங்க என்பாள். ஐந்து மாதம் இப்படி. அவர் அளவைக் கூட்டிக் குழப்பிவிட்டார், ஆஸ்பத்திரிக்குப் புகார் எழுதப்போகிறேன் என்று நேற்று நீ சொன்னாய். எழுதாதே கண்ணு. அந்த மனுசன் உள்ளே போகாத மாத்திரைக்கு அளவு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

இரண்டு டாக்டரிடமும் ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். அதற்கு அம்மா சொன்ன பதிலை உன் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே முகூர்த்தத்தில் ரெண்டு கல்யாணம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? முதல் வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த வீட்டில் இலை போட்டால் இன்னும் பச்சைத் தண்ணி பல்லில் படலீங்க என்று உட்காருகிறோம். கூப்பிட்டவர்கள் மனசு நோகக்கூடாது. அதையேதான் அம்மா செய்திருக்கிறாள். வெங்கடபதி டாக்டரு அத்தன பெரிய ஆபரேசன் பண்ணினவரு, அவருகிட்டப் போயி இன்னொரு எடத்துல பாக்கறேன்னு எப்படிங்க சொல்லறது? காங்கயத்து யுஸ்ராம்மா டாக்டரு அவ்வளவு பிரியமாக் கேக்கறாங்க, அவங்ககிட்டப் போயி இங்கிலீசு மருந்தும் திங்கறேன்னு எப்படிங்க சொல்லறது என்றாள்.

திங்கட்கிழமை காங்கேயம் போய் அந்த டாக்டர் யுஸ்ராவைப் பார்த்தேன். சத்தம் போடத்தான் போனேன். நெஞ்சில் வால்வு என்றதும் அந்தப் பெண் எழுந்தே நின்றுவிட்டார். வேறு வியாதி உண்டா, வேறு மாத்திரை உண்டா என்று முதல் நாளே கேட்டிருக்கிறார், அம்மா இல்லை என்று சொன்னதை எழுதியும் வைத்திருக்கிறார். நெஞ்சில் இருக்கிற தழும்பை அம்மா சேலையால் மூடிவிட்டாளாம். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, இப்பவே போங்க, நான் வேணா அந்த டாக்டருகிட்டப் பேசறேன் என்றார். நான் ஆகட்டுங்க என்றேன்.

ஆகட்டுங்க என்று சொல்லிவிட்டு நேரே களத்துக்குப் போய் லோடு ஏற்றினேன். அம்மாதான் ஞாயிற்றுக்கிழமையே மாத்திரையைப் போட ஆரம்பித்துவிட்டாளே, இனிச் சரியாகிவிடும், ஊருக்கெல்லாம் எதற்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். புதன்கிழமை விடியற்காலை அவளால் படுக்க முடியவில்லை. ஞாயிறிலிருந்து மூன்று நாள். அம்மா ஐந்து மாதம் மறைத்தாள், நான் மூன்று நாள் மறைத்தேன். எது பெரியது என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

காரில் வருகிறபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மூச்சுக்கு நடுவில் அவள் சொன்னது இவ்வளவுதான். டாக்டருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. அவருகிட்டச் சொன்னாப் புள்ளைக்குப் போயிரும். அவ இதையேதான் படிக்கறா. எங்கம்மாளே இப்படித்தான்னு தெரிஞ்சா அந்தச் சீமைல எப்படிங்க தலை நிமுந்து நிப்பா? நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

மணி மூன்றே கால். காகிதம் சட்டைப் பையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் அவளுக்குக் கொடுத்த வாக்கு நிற்கும், நெஞ்சைத் திறப்பார்கள். போடாமல் உண்மையைச் சொன்னால் அவள் இனிமேல் என்னை நம்பமாட்டாள். இனிமேல் என்று எழுதும்போதுதான் யோசிக்கிறேன், அந்த இனிமேல் முதலில் வேண்டுமே.

கொஞ்சம் இரு கண்ணு. போய்விட்டு வருகிறேன்.

மணி நாலே முக்கால்.

சொல்லிவிட்டேன். படிக்கட்டில் ஏறும்போது மூன்று விதமாகப் பேச்சை ஒத்திகை பார்த்தேன். உள்ளே போனதும் மஞ்சள் பையை மேசைமேல் கவிழ்த்துவிட்டேன், அவ்வளவுதான். டாக்டர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். எத்தனை மாசம், எந்தெந்த நாள் சாப்பிட்டாங்க, கடைசியா எப்ப என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு யுஸ்ரா டாக்டரின் நம்பரை வாங்கி, அங்கேயே கூப்பிட்டார். இரண்டு பேரும் இங்கிலீசில் பேசினார்கள். சம்பந்தம் பேசுகிற இடத்தில் பெண்ணைப் பெற்றவன் நிற்கிற மாதிரி நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். யுஸ்ரா டாக்டர் கொடுத்த இனிப்பு மாத்திரையில் ரத்தத்தைக் கெடுக்கிற சங்கதி ஒன்றும் இல்லையாம், மற்றதை நிறுத்தினதுதான் வினையாம்.

போனை வைத்துவிட்டு வெங்கடபதி சொன்னார். மாத்திரை ஒழுங்காச் சாப்பிடறீங்களான்னு மாசா மாசம் கேட்டேன், அவங்க தலையாட்டினாங்க, நானும் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன், வேற எங்கயாவது பாக்கறீங்களான்னு ஒரு நாளும் கேக்கலை. அவ்வளவுதான் சொன்னார். ஆபரேசனை நிறுத்தி வைத்துவிட்டார்கள். புதிதாக உறைந்த ரத்தமாகத்தான் இருக்கும், மருந்தில் கரைய வாய்ப்பு இருக்கிறது என்று சொட்டு மருந்து ஏற்ற ஆரம்பித்தாகிவிட்டது. கரையும்போது துணுக்கு உடைந்து தலைக்கு ஏறினாலும் ஏறும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். நாளைக் காலை ஆறு மணிக்கு மறுபடி ஸ்கேன். கரையவில்லை என்றால் ஆபரேசன்தான். அதற்கும் சேர்த்து வேறொரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். முட்டிவலி நிசமாகவே குறைந்ததா என்று ஞாயிற்றுக்கிழமை அவளைக் கேட்டேன். குறைஞ்ச மாதிரியுந்தான் இருக்குதுங்க என்றாள். பிறகு, அந்த டாக்டரம்மா முதல் நாள் ஒரு மணி நேரம் பேசினாங்க, குளிர் தாங்குமா வெயில் தாங்குமா, என்ன கனா வருது, தனியா இருந்தா அழுகை வருமான்னு கேட்டாங்க, என்னைய யாரும் அப்படிக் கேட்டதில்லீங்க என்றாள். நீ விமானம் ஏறிய நாளிலிருந்து சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் அழுகிறாளாம். அந்த நேரத்தில் நான் களத்தில் தார்ப்பாய் மூடிக்கொண்டிருப்பேன். உன் படிவத்தில் ஏன் வேறு வைத்தியம் போனீர்கள் என்பதற்கு நான்கு கட்டம் இருக்கிறது. வலி குறையவில்லை, பக்க விளைவு பயம், செலவு, உறவினர் சொன்னார்கள். கேள்வியெல்லாம் நன்றாகப் புரிகிறது கண்ணு. ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டுக்கொள். அதற்கு என்ன பேர் வைப்பது என்று நீ படித்தவள், யோசி.

சற்று முன் இரண்டு நிமிசம் உள்ளே விட்டார்கள். டாக்டரிடம் சொல்லிவிட்டேன் என்றேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திரும்பாமலே, புள்ளைக்கும் எழுதிப்போட்டீங்களா என்று கேட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். மாஸ்க்கை விலக்கிக்கொண்டு, அப்படீன்னா அவள வர வேண்டாம்னு எழுதுங்க, எனக்கு ஒண்ணும் இல்லை, படிப்பக் கெடுத்துட்டு வர வேண்டாம், நான் சொன்னேன்னே எழுதுங்க என்றாள். நர்ஸ் வந்து மாஸ்க்கை மறுபடி மாட்டிவிட்டாள்.

அம்மா சொன்னபடி எழுதிவிட்டேன். அவள் இல்லை என்றால் இல்லை, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று முப்பத்தொரு வருசம் கோடு போட்ட மடையன் உன் அப்பன். நீ அப்படிப் போட்டுவிடாதே. கிடைக்கிற முதல் விமானத்தில் ஏறு. காலை ஆறு மணி ஸ்கேன் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைக்காதே. அதற்கு முன்னாலேயே கிளம்பு.

வழியெல்லாம் சாமி உனக்குத் துணையிருக்கட்டும். நல்லபடியாக வந்து, அவள் முகத்தைப் பார்த்துப் பேசு.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா பாலுசாமி.