அப்பாவின் இரண்டாவது சாவி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். முதல் வரியில் எழுத வேண்டுமே என்று எழுதுகிற நலம் இல்லை இது. அப்பா நலம், அத்தை நலம், நான் நலத்துக்கும் ஒரு படி மேலே. இந்த வருடக் காய்ச்சல் காலத்தை ஜெயித்துவிட்டோம். போனில் சொன்னால் நீ "சரி", "ம்" என்று முடித்துவிடுவாய். பத்து மாதமாக நாம் அப்படித்தானே பேசிக்கொள்கிறோம். கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது, கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

போன வருடத்தைக் கிளறப் போகிறேனோ என்று பயப்படாதே. கிளறத்தான் போகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள். போன வருடக் காய்ச்சலில் அப்பாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது வென்டிலேட்டர் வைக்கலாமா என்று டாக்டர் கேட்டார். நான் வையுங்கள் என்றேன். கட்டிலருகே ஸ்பீக்கர் போட்ட போனில் நீ, வேண்டாம், வதைக்காதீர்கள் என்றாய். அத்தை அழுதாள். முடிவு செய்கிற அதிகாரம் யாருக்கு, அதற்குக் காகிதம் எங்கே என்று மருத்துவமனைக் கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்டாள். நானும் அத்தையும் திருதிருவென்று விழித்தோம். அப்பா தானாகவே தேறிக்கொண்டதால் பிழைத்தோம். அதற்குள் நான் போனிலேயே உன்னிடம், தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அவரை வழியனுப்பப் பார்க்கிறாயா என்று கேட்டுவிட்டேன். தப்பு என்மேல்தான்.

இன்னொரு கூத்து உனக்குத் தெரியாது. எந்த மருந்து அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்று எழுதிய சீட்டு அவருடைய இரும்பு பீரோவுக்குள் இருந்தது. பீரோவின் சாவி அவர் பனியனின் உள்பையில். பனியனோ மருத்துவமனைத் துணி மூட்டையோடு எங்கேயோ போய்விட்டது. பூட்டுக்காரர் ஒருவரை அழைத்து வந்தேன். ஒரு மணி நேரம் வியர்த்துவிட்டு, "இது ஐயா கையால செஞ்ச பூட்டும்மா, ஐயாவைத்தான் கூப்பிடணும்" என்றார். ஐயா மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். ஆகாத மருந்தையே கொடுத்து முகம் பூசணிக்காயாக வீங்கியதுதான் மிச்சம்.

ஐம்பது வருடம் பூட்டு செய்து விற்ற மனிதர் ஒவ்வொரு பூட்டோடும் ஒரே பாட்டைப் பாடுவாரே, நினைவிருக்கிறதா? "ரெண்டாவது சாவிய அதே வீட்டுல வைக்காதீங்க. நம்பிக்கையான ஆள்கிட்ட, வேற வீட்டுல குடுத்து வைங்க." அவருடைய இரண்டாவது சாவி எங்கே இருந்தது என்று வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன். கம்பியையும் அரத்தையும் தேடி எடுத்தார். அவரே உட்கார்ந்து பீரோவைத் திறந்ததும் தெரிந்தது. பீரோவுக்குள்ளேயே, துண்டில் சுற்றி, பத்திரமாக!

அன்றைக்கே முடிவு செய்தேன், அடுத்த காய்ச்சல் காலத்துக்குள் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தாமல் விடுவதில்லை என்று. பஸ் டிப்போவில் இருபது வருடமாகக் கவுன்ட்டரில் உட்கார்ந்து எத்தனை பிடிவாதக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்? ஆனால் நம் வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்கு முன்னால் அவர்கள் எல்லாம் தூசு.

முதலில் காய்ச்சல் ஊசி. அத்தை போட்டுக்கொண்டால்தான் தானும் என்றார் அப்பா. "அண்ணன் போட்டுக்கட்டும், ரெண்டு நாள் பாத்துட்டு நான் போட்டுக்கறேன்" என்றாள் அத்தை. ஒருவரை ஒருவர் பரிசோதனை எலியாக்கப் பார்த்தார்கள். மூன்று வாரம் இழுத்தது. கடைசியில் மருத்துவ நிலையத்தில் நர்ஸ்கள் இருவரிடமும் கெஞ்சிக் கூத்தாடி, இரண்டு நாற்காலிகளை ஒட்டிப் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று நானே எண்ண, ஒரே நேரத்தில் இரண்டு கைகளிலும் ஊசி இறங்கியது. அண்ணனும் தங்கையும் ஒரே சமயத்தில் முகத்தைச் சுளித்தார்கள். வரிசையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அந்தக் கவுன்ட்டர்ப் பெண் கேட்ட காகிதம்தான் பெரிய மலை. வக்கீல் அம்மா வீட்டுக்கே வந்தாள். அப்பா காபி கூடக் கொடுக்க விடவில்லை. "நான் போறதுக்கு உங்களுக்கு அவ்வளவு அவசரமா?" என்று கேட்டார். அவள் அசரவில்லை. "இது நீங்க போறதுக்கு இல்லய்யா. நீங்க இருந்தும் பேச முடியாம கிடக்கிற நாலு நாளைக்கு. உங்களுக்குப் பதிலா பேச ஒரு ஆள், அவ்வளவுதான்" என்றாள். அப்பா அவள் கையிலிருந்த தாளை வாங்கிப் புரட்டினார். பிறகு, "அப்ப இது ரெண்டாவது சாவி" என்றார். ஆமாம் என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "காபி போடு" என்றார். அப்போதே தெரிந்துவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்று.

தன் விருப்பத்தைத் தானே சொல்லச் சொல்ல எழுத வைத்தார். நீயும் நானும் அடித்துக்கொண்டோமே, அதற்கு அவருடைய பதிலைக் கேள்: வென்டிலேட்டர் வைக்கலாம். பத்து நாள் பார்க்கலாம். தேறும் அறிகுறி இல்லை என்று டாக்டர்கள் சொன்னால் எடுத்துவிடலாம். பக்கத்தில் தெளிவாகப் பேசத் தெரிந்தவர் இருக்க வேண்டும், அழுகிறவர்கள் வெளியே நிற்கலாம். கடைசி வரியைக் கேட்டு அத்தை இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நானும் தோற்றேன், நீயும் தோற்றாய். இவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லை.

அவருக்காக முடிவு செய்கிறவர் என்ற இடத்தில் முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது பெயர் உன்னுடையது. வெளிநாட்டில் இருப்பவன் பெயர் எதற்கு என்று அத்தை கேட்டாள். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பெரியவ என்னை விட மாட்டா. சின்னவன் நான் வதைபட விட மாட்டான். ரெண்டும் எனக்கு வேணும்." தம்பி, அவர் அன்றைக்கு நினைவில்லாமல் கிடந்தார் என்றுதானே நினைத்தோம்? நீ ஏன் வேண்டாம் என்றாய் என்பது எனக்குப் புரியப் பத்து மாதம் ஆனது. எல்லாம் காதில் விழுந்த அவருக்கு முதலிலேயே புரிந்திருக்கிறது.

சொந்தக்காரர்கள் சாட்சி போடக் கூடாதாம். எதிர்வீட்டுத் தையல்காரரும் அப்பாவின் சீட்டாட்டக் கூட்டாளியும் போட்டார்கள். அத்தையும் விடாமல் தனக்கு ஒன்று எழுதிக்கொண்டாள், என்னைப் பெயர் போட்டு. மருத்துவமனைக்கு ஒரு நகல், டாக்டருக்கு ஒன்று, என் கைப்பையில் ஒன்று. இன்னொன்று மருந்துப் பட்டியலோடும் ஆகாத மருந்தின் பெயரோடும் ஒரு மஞ்சள் கோப்பில் வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அத்தையின் தாள்களும் அதிலேயேதான். பூட்டில்லை, சாவியில்லை. அந்த ஆணியை அடித்தது யார் தெரியுமா? அப்பாவேதான்.

போன மாதம் பரீட்சை வந்தது. அத்தைக்குக் காய்ச்சல். போன தடவை போல மூன்று நாள் கஷாயம் குடித்துக் காத்திருக்கவில்லை, முதல் நாளே டாக்டருக்குப் போன் செய்தேன். மாத்திரை தொடங்கியும் இரண்டாம் நாள் மூச்சு கொஞ்சம் இரைத்தது. ஆணியிலிருந்து கோப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். கவுன்ட்டரில் அதே பெண். "போன வருஷம் சண்டை போட்டவங்கதானே?" என்றாள். நான் கோப்பை நீட்டினேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். பத்தே நிமிடத்தில் அத்தைக்குக் கட்டில் கிடைத்தது. "எல்லாரும் இப்படி வந்தா எனக்கு வேலையே இருக்காது" என்றாள். நானும் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்காருகிறவள், அது எவ்வளவு பெரிய பாராட்டு என்று எனக்குத் தெரியும். நான்காம் நாள் அத்தை தன் காலால் நடந்து வீடு வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு வெறும் இருமலோடு போயிற்று. ஊசியும் கைகொடுத்திருக்கும் என்றார் டாக்டர். தான்தான் முதலில் போட்டுக்கொண்டதாக இருவரும் இன்னும் வாதாடுகிறார்கள்.

இத்துடன் ஒரு படிவம் இருக்கிறது. இரண்டாவது பெயராக இருக்கச் சம்மதம் என்று நீ கையெழுத்துப் போட வேண்டும். அதன் கீழே ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும், உதறித் தொலைத்துவிடாதே. பீரோவின் இரண்டாவது சாவி; தொலைந்த முதல் சாவிக்குப் பதில் அப்பா வேறொன்று செய்துகொண்டார். உனக்கு அனுப்பச் சொல்லி அப்பா அவர் கையாலேயே மடித்துக் கொடுத்தார். உள்ளே இப்போது அவசரத்துக்கு வேண்டியது எதுவுமில்லை, உன் பள்ளிக்கூடப் போட்டோக்களும் அம்மாவின் மூக்குக்கண்ணாடியும்தான். அவ்வளவு தூரத்தில் அவனுக்கு எதற்கு என்று கேட்டேன். வேறு வீட்டில், நம்பிக்கையான ஆளிடம்தானே கொடுக்க வேண்டும் என்றார்.

தபாலில் தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "தொலைஞ்சா வந்து வாங்கிக்கட்டும்" என்றார்.

நீயும் உன் மனைவியும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். இங்கே வருவதற்கு முன் உங்கள் காய்ச்சல் ஊசியையும் போட்டுக்கொள்ளுங்கள், வயதானவர்கள் இருக்கிற வீடு இது. சாவி பத்திரமாக வந்து சேர்ந்தாலும், தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வா.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா