தாழ்ப்பாளில் வைத்த கை

சித்ரகலாவுக்கு,

மூலனூரில் எல்லாரும் சுகம்தானே? இங்கே கம்பெனியில் ஷிப்மெண்ட் நேரம், வேலைக்குக் குறைவில்லை.

நாம் பால் காய்ச்சிக் குடிவந்த அன்று உன் அண்ணனை 'வாங்க' என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. அத்தனை பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது. அதைத் திமிர் என்று நினைத்து, அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார். நீயும் அவர் பின்னாலேயே போய்விட்டாய்.

அன்றிலிருந்து தினமும் தையல் மிஷினை ஓட்டிக்கொண்டே "வாங்க மச்சான், வாங்க" என்று சொல்லிப் பழகுகிறேன். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது.

நேற்று அவரே வந்தார்.

"ஏனுங்க மாப்ள, ஊட்டுல இருக்கறீங்களா?" என்று மூன்று முறை கூப்பிட்டார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றேன். ஃபேனைக்கூட நிறுத்திவிட்டேன். கை நகரவில்லை.

வண்டிச் சத்தம் அடங்கிய பிறகுதான் கதவைத் திறந்தேன். வாசலில் என் செருப்பு கிடந்தது. அதன் பக்கத்திலேயே ஒரு கட்டு முருங்கைக்காயை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அந்தக் கட்டைப் பார்த்து "வாங்க மச்சான்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், கண்ணு.

இப்படிக்கு,
உன் ஊட்டுக்காரன்