மீதித் தலை

அன்புள்ள தம்பி சுருட்டைக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே, "சிக்னல் இல்லக்கா" என்கிறாய். காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறாள். உன் மாமாவுக்கு மறுபடியும் இரவு ஷிப்ட். மருந்துக் கடையில் என்னை இப்போது கல்லாவில் உட்கார வைத்திருக்கிறார்கள், கால்வலி பரவாயில்லை. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. நீ சுற்றிவிட்டுப் போன துணியை அவிழ்க்க யாருக்கும் மனசு வரவில்லை. ஒழுகினால் ஒழுகட்டும் என்று விட்டிருக்கிறோம்.

இனி அப்பா. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் அதற்குப் பிறகு சில வாரம் தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது, கண்ணில் முடி விழக் கூடாது. முன்னாலேயே முடி வெட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார் டாக்டர்.

சிக்கலே அங்கேதான். நீ போனதிலிருந்து அப்பா யாரிடமும் தலையைக் கொடுக்கவில்லை. முடி காதை மூடிக் கழுத்தில் புரள்கிறது. "ஊருக்கெல்லாம் வெட்டுறீங்க, உங்க தலையை மட்டும் ஏன் காடாக்கி வெச்சிருக்கீங்க?" என்று நம் சலூனுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். "வெட்டுற ஆளு லீவுல இருக்கான்" என்கிறார்.

போன ஞாயிறு நான்தான் வற்புறுத்தி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள சலூனுக்கு அழைத்துப் போனேன். அந்தக் கடைக்காரர் தங்கமான மனிதர். சக தொழில்காரர் தலை என்று புதுத் துணி போர்த்தி, பயபக்தியோடு ஆரம்பித்தார். நான் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நம் கடையில் உன் நாற்காலியில் உட்கார்ந்தால் அப்பா என்ன செய்வார், நினைவிருக்கிறதா? நீ சீப்பை எடுப்பதற்குள் கண் மூடிவிடும், வாய் திறந்துவிடும். "தலையை நிமித்துப்பா, நான் முடி வெட்டுறதா, தாலாட்டுறதா?" என்று நீ கத்துவாய். இங்கே அவர் கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. கண்ணாடியில் அந்த மனிதரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் முடிந்ததும், "போதும்பா, மீதி அப்புறம்" என்று துணியைத் தானே அவிழ்த்து, உதறி, மடித்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார். கடைக்காரர் கத்தரியும் கையுமாக நின்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அப்பாவின் பின்னால் ஓடினேன்.

இப்போது ஒரு பக்கம் பள்ளிக்கூடத்துப் பையன், மறுபக்கம் தேசாந்திரி. உன் பழைய நீலத் தொப்பியை மாட்டிக்கொண்டுதான் கடைக்குப் போகிறார். சின்னவள் தொப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தாத்தா, ஹோம்வொர்க் பாதிதான் முடிச்சிருக்கீங்க" என்றாள்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது அவரைத் திட்டுவதாகத்தான் இருந்தேன். அதற்குள் அவரே பேசினார். புரை விழுந்து இரண்டு வருஷமாவது இருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அப்படி இருந்தால் ஒன்று இரண்டாகத் தெரியும், ஓரத்தில் நிழல் தட்டும் என்றாராம். பிறகு, "அன்னைக்கு வாத்தியாருக்குக் காதோரம் பிசிறு நிக்குதுன்னு, நாலு பேரு முன்னால உன் தம்பி கையிலிருந்து கத்தரியப் பிடுங்கினேன்ல. பிசிறு அவரு காதுல இல்லம்மா. என் கண்ணுல இருந்திருக்கு" என்றார்.

இதை அவனிடமே சொல்லுங்களேன் என்றேன். "போன்ல எப்படிம்மா சொல்றது?" என்று கேட்டார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே. ஆசையாக நம் தலையைக் கோதும்போதுகூட, முடி வளர்ந்துவிட்டதா என்று பார்ப்பது போலத்தான் கோதுவார்.

"என் கையில் நம்பிக்கையில்லாத இடத்தில் எனக்கென்ன வேலை" என்று சொல்லிவிட்டுப் போனாய். நம்பாத கையில் தலையைக் கொடுத்துவிட்டு யாராவது குறட்டை விடுவார்களா, தம்பி? நான் சோறு போடுகிறேன், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். அதெல்லாம் தட்டிலும் டம்ளரிலும் முடிந்துவிடுகிறது. அம்மா போன பிறகு அவரைத் தொட்டுப் பழகிய கை உன்னுடையது ஒன்றுதான்.

ஆபரேஷனுக்குப் பயமா என்று கேட்டால் இல்லை என்கிறார். ஆனால் நேற்று உன் நாற்காலிக்கு எண்ணெய் விட்டு, ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு நாள் லீவு கேட்டு வா. வந்து எதுவும் பேச வேண்டாம், அவரும் பேச மாட்டார். தொப்பியைக் கழற்றிவிட்டுப் போய் உட்காருவார். நீ துணியைப் போர்த்தினால் போதும்.

கத்தரி கொண்டுவராதே. அன்று பிடுங்கியதை அவர் தினமும் துடைத்து உன் இடத்தில்தான் வைக்கிறார்.

உன் கை நோகாமல் இருக்கட்டும். போகிற இடமெல்லாம் நல்லவர்களாகவே அமையட்டும்.

வாசலைப் பார்த்தபடி,
உன் அக்கா