கிணற்றில் ஊறிய துண்டு

அப்பா,

இன்று காலை உங்கள் துண்டைத் துவைத்தேன். வழக்கம்போல் என் வெள்ளை ரவிக்கை ஒன்றையும் அதே வாளியில் சேர்த்து ஊறவைத்தேன். போத்தனூரில் நானும் அம்மாவும் இருக்கும் இந்த வாடகை வீட்டுக் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வருகிறது. சோப்பைக் காட்டினாலே நுரை பொங்குகிறது. நம் தோட்டத்தில் கடைசி வருடங்களில் எந்தச் சோப்பும் நுரைக்கவில்லை. அம்மா கல்லில் அடித்து அடித்து ஓய்ந்துபோனார். உங்கள் வேட்டி, துண்டெல்லாம் பழைய செங்கல் நிறமாயின. "நான் காவி கட்டிப்போட்டேனுங்க, இனிக் குடும்பம் கிடும்பம் ஒண்ணுமில்லை" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தீர்களாம். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

நொய்யல் ஆறு திருப்பூரைத் தாண்டி நம் ஊருக்கு வரும்போது, அன்றைக்குச் சாயப்பட்டறைகளில் என்ன நிறம் ஓடியதோ அந்த நிறத்தில் வரும். முதலில் ஆறு கெட்டது, பிறகு கிணறு. மஞ்சள் பயிர் கருகியது. தென்னை குரும்பைகளை உதிர்த்தது. மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு திரும்பியது.

அந்தச் சமயத்தில்தான் நான் வேதியியல் பட்டம் வாங்கி, திருப்பூரில் ஒரு துணிப் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நம் வீட்டில் முதல் பட்டம். ஏற்றுமதிக்குப் போகும் பனியன் துணிகள் எங்களிடம் வரும். ஜெர்மனியில் சில சாயங்களுக்குத் தடை வந்திருந்த நேரம். அங்கே குழந்தைகள் சட்டைக் காலரைச் சப்புமாம். அதற்காக நாங்கள் எச்சில் போலவும் வேர்வை போலவும் ஒரு நீரைத் தயாரித்து, துணியை நனைத்து, சாயம் இறங்குகிறதா என்று பார்ப்போம். இதை வீட்டில் சொன்ன அன்று, சாப்பிட்டுக்கொண்டிருந்த நீங்கள் கையை நிறுத்தினீர்கள்.

"எச்சில்கூடச் செஞ்சு பாக்கறாங்களா கண்ணு? அவ்வளவு பாக்கறவங்க நம்ம தண்ணியையும் பாப்பாங்க."

அப்படி இல்லை என்று நான் விளக்கியிருக்க முடியும். ஆனால் உங்கள் முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு தெளிவு வந்திருந்தது.

மறுவாரமே ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரோடு எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கே வந்து நின்றீர்கள். கோயிலுக்குள் வருவதுபோல் வாசலில் செருப்பைக் கழற்றினீர்கள். நான் நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. எங்கள் மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "நாங்க துணி மட்டுந்தானுங்க பாப்போம். தண்ணிய யாரும் எக்ஸ்போர்ட் பண்றதில்லீங்களே" என்றார். உடன் வேலை பார்த்த பெண்கள் குனிந்து சிரித்தார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்துவிட்டு, பாட்டிலை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

அதோடு விடவில்லை. புதிதாக ஒரு வெள்ளைத் துண்டு வாங்கி, கல் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினீர்கள். ஊறவைத்து, காயவைத்து, மறுபடி ஊறவைத்து, அது நன்றாக நிறம் பிடித்த பிறகு மடித்து எடுத்து வந்தீர்கள்.

"இது துணிதானுங்களே. பாத்துப்போட்டு ஒரு பேப்பர் குடுங்க."

மேனேஜர் துண்டை வாங்கி விரித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

நானே ஓரத்தில் வெட்டி, நானே நனைத்து, வெள்ளைத் துணியோடு சேர்த்து அழுத்தி, சூட்டில் வைத்தேன். அன்றுதான் ஒரு துணி தோற்க வேண்டுமென்று முதல்முறையாக ஆசைப்பட்டேன். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வந்தது. தடை செய்த சாயமும் அதில் இல்லை. பட்டறைக் கழிவோடு வந்து நம் கிணற்றைக் கெடுத்த உப்பைப் பற்றி அந்தப் பரிசோதனை கேட்கவே கேட்காது. சட்டை போடுகிறவனை உப்பு ஒன்றும் செய்யாது, தென்னையைத்தான் கொல்லும். 'பாஸ்' என்று அடித்த தாளை உங்களிடம் கொடுத்தபோது அதில் உள்ளதை அப்படியே சொன்னேன். அப்படியும் நீங்கள் அதைப் பத்திரமாக மடித்துவைத்துக்கொண்டீர்கள். நிறமேறிய துண்டைக் கண்ணால் பார்த்தால் யாருக்கும் புரியும் என்று நினைத்தீர்கள்.

கோயமுத்தூர் கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாளன்று இருவரும் போனோம். அதிகாரி துண்டைத் தொடவில்லை, தாளை மட்டும் படித்தார்.

"உங்க பேப்பர்லயே ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்குதுங்களே பெரியவரே. ஜெர்மனிக்காரனே ஒத்துக்கற சரக்கு. நாட்டுக்கு டாலர் வருதுங்க. இதுக்கு மேல நான் என்ன எழுதறது?"

எனக்கு வாய் வரவில்லை. புதியவர்கள் முன்னால் எனக்கு எப்போதுமே வராது. கிணற்றை அல்ல, துணியைத்தான் சோதித்தோம் என்று ஒருவழியாகச் சொன்னேன். அதற்குள் அவர் அடுத்த மனுவைக் கையில் எடுத்திருந்தார்.

திரும்பும்போது பஸ் சோமனூரில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே தறிச் சத்தம். துண்டு உங்கள் மடியில் இருந்தது.

"நம்ம கெணறு ஜெர்மனியில இருந்திருந்தா பெயிலாயிருக்கும். இல்லையா கண்ணு?"

நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு நீங்கள் மனு எழுதச் சொல்லவே இல்லை. காய்ந்த தென்னைகளை வெட்டுவதற்கு ஆள் வந்தபோது தோட்டத்துப் பக்கம் போகவும் இல்லை.

அடுத்த சித்திரையில் நெஞ்சுவலி வந்து நீங்கள் போனீர்கள். உங்களைக் குளிப்பாட்ட நம் கிணற்றில் நல்ல தண்ணீர் ஒரு குடம் இல்லை. சாயப்பட்டறைக்கு எங்கிருந்தோ நல்ல தண்ணீர் ஏற்றிக்கொண்டு போன லாரியை மாமா மறித்தார். டிரைவர் இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுக் குழாயைத் திறந்தார். "வேணுங்கறத புடிச்சுக்குங்க அம்மணி" என்றார். நல்ல மனிதர். மீதித் தண்ணீரோடு லாரி பட்டறைக்குப் போனது. சாயங்காலம் அது நிறம் மாறி ஆற்றுக்கு வந்திருக்கும்.

நான் இப்போது கோயமுத்தூரில் இன்னொரு பரிசோதனைக்கூடத்தில் அதே வேலையைப் பார்க்கிறேன். வேறு என்ன தெரியும் எனக்கு? துண்டை யாரும் உபயோகிப்பதில்லை. ஆனாலும் மாதத்தில் ஒருநாள் எடுத்து வெள்ளையோடு சேர்த்து ஊறவைத்துவிடுகிறேன். வாளியருகே குந்தியிருந்து பார்க்கிறேன். ஒரு சொட்டுச் சாயம் வெள்ளையில் இறங்கினால் போதும். அதை எடுத்துக்கொண்டு அந்த அதிகாரியின் மேசைக்கே போவேன், இந்த முறை வாய் வரும் என்று தோன்றுகிறது.

இன்றும் ரவிக்கையைப் பிழிந்து வெயிலில் விரித்துப் பார்த்தேன், அப்பா. வெள்ளையாகவே இருந்தது.